நவீன இந்திய நாடகங்களில் பெண்: அடக்குமுறையும் சுயவிழிப்பும்

இந்திய நாடகங்கள் பற்றிய இத்தொடரில் இம்முறை பெண் பாத்திரங்கள் சிலரை நேயர்களுக்கும் வாசகர்களுக்கும் அறிமுகப்படுத்த விரும்புகிறேன். வானொலியில் நேரம் போதாமையால் சுருக்கமாகச் சொன்னவற்றை இங்கு சற்று விரித்துத் தருகிறேன்.

நாடகத்தில் பெண் விடுதலை என்ற பேச்சு எழுந்ததும் பலருக்கும் நினைவில் வருபவள் நோரா. நோர்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்றிக் இப்சனின் 'பொம்மை வீடு' 1879இல் வெளிவந்தது. கணவனையும் பிள்ளைகளையும் விட்டு நோரா வெளியேற, கதவு அடித்துச் சாத்தப்படும் ஓசையோடு அந்த நாடகம் முடிகிறது. அந்த ஓசை ஐரோப்பா முழுவதும் எதிரொலித்தது எனலாம்.

சுதந்திரத்திற்குப் பிந்திய இந்திய நாடகங்களைப் படிக்கும் போது அப்படியொரு கதவோசைக்காக நான் காத்திருந்ததுண்டு. அது கேட்பதில்லை. பெண் விழித்துக்கொள்கிறாள், ஆனால் வீட்டிலேயே இருக்கிறாள். அல்லது வெளியேறிப் போய்த் திரும்பி வருகிறாள். அல்லது கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டிருக்கிறது. இது அந்தப் பெண்களின் தோல்வியா? நாடகாசிரியர்களின் தயக்கமா? அல்லது விழிப்பும் விடுதலையும் ஒன்றல்ல என்று இந்நாடகங்கள் சொல்கின்றனவா? இந்தக் கேள்வியோடு ஆறு நாடகங்களைப் பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை மராத்தி, ஹிந்தி, கன்னடம், வங்காளி ஆகிய மொழிகளில் எழுதப்பட்டவை. நான் படித்தவை அவற்றின் ஆங்கில வடிவங்களே. ஆகவே மூலத்தின் மொழிநடை பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பாத்திரங்கள், சம்பவங்கள், மேடை உத்திகள் ஆகியவற்றோடு நின்றுகொள்கிறேன்.

இரக்கத்தின் காலம்

இந்திய நாடகம் பெண்ணின் துயரத்தைப் பேசத் தொடங்கியது புதிதல்ல. 1854இல் ராம்நாராயண் தர்க்கரத்னா வங்காளத்தில் எழுதிய 'குலீன குலசர்வஸ்வ' என்ற நாடகம், உயர்குலத்து ஆண்கள் பல பெண்களை மணந்துகொள்ளும் வழக்கத்தைச் சாடியது. தெலுங்கில் குரஜாட அப்பாராவின் 'கன்யாசுல்கம்' 1892இல் விஜயநகரத்தில் மேடையேறியது. சிறுமிகளைப் பணத்துக்காக முதியவர்களுக்கு மணமுடித்துக் கொடுக்கும் கொடுமையே அதன் பொருள். மராத்தியில் கோவிந்த் பல்லாள் தேவல் எழுதிய 'சாரதா' 1899இல் அதே பிரச்சினையை எடுத்துக்கொண்டது.

இவை சமூகச் சீர்திருத்த நாடகங்கள். இவற்றின் நல்லெண்ணத்தை நாம் மதிக்க வேண்டும். ஆயினும் பெரும்பாலும் இவற்றில் பெண் இரக்கத்துக்குரியவள். அவளை மீட்க வருபவன் ஆண். 'கன்யாசுல்கம்' நாடகத்து மதுரவாணி போன்று தன் அறிவால் மற்றவர்களை ஆட்டிவைக்கும் பெண் பாத்திரம் விதிவிலக்கு என்றே கொள்ள வேண்டும்.

அக்கால மேடையையும் மறந்துவிடக் கூடாது. மராத்தி அரங்கில் பெண் வேடத்தில் கொடிகட்டிப் பறந்தவர் பால கந்தர்வர் என்ற ஆண் நடிகர். குடும்பப் பெண்கள் சேலை உடுப்பதற்கும் அலங்கரித்துக்கொள்வதற்கும் அவரையே முன்மாதிரியாகக் கொண்டார்கள் என்பர். பெண் எப்படி இருக்க வேண்டும் என்று ஆண் ஒருவர் நடித்துக் காட்ட, அதைப் பார்த்துப் பெண் பழகிக்கொண்டாள். கல்கத்தாவில் பெண்களே நடித்தார்கள். ஆனால் அங்கும் புகழ்பெற்ற நடிகை வினோதினி தாசியின் தியாகத்தால் எழுந்த அரங்குக்கு அவருடைய பெயர் சூட்டப்படவில்லை. 1883இல் அது 'ஸ்டார்' என்ற பெயரோடுதான் திறக்கப்பட்டது. பின்னாளில் அவர் தமது வாழ்க்கை வரலாற்றில் இந்த வேதனையைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், 1960களின் பிற்பகுதியில் ஏற்பட்ட மாற்றம் எவ்வளவு பெரியது என்பது புரியும். பெண் இரங்கத்தக்கவளாக இருந்த நிலை மாறி, தன் நிலையைத் தானே பார்க்கத் தொடங்குகிறாள்.

விளையாட்டு நீதிமன்றம்

மராத்திய நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கர் (1928 - 2008) எழுதிய 'சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே' 1967இல் பம்பாயில் மேடையேறியது. 'அமைதி! நீதிமன்றம் நடக்கிறது' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். அரவிந்த் தேஷ்பாண்டே நெறிப்படுத்தினார். கதாநாயகி லீலா பேணாரேயாக சுலபா தேஷ்பாண்டே நடித்தார். 1971இல் சத்யதேவ் துபே இதனைத் திரைப்படமாக்கிய போதும் சுலபாவே அப்பாத்திரத்தை ஏற்றார்.

கதை எளிமையானது. பம்பாயைச் சேர்ந்த அமெச்சூர் நாடகக் குழுவொன்று கிராமமொன்றுக்கு வருகிறது. அன்றிரவு மாதிரி நீதிமன்றம் ஒன்றை நடித்துக் காட்ட வேண்டும். பொழுது போக்குவதற்காகவும், குழுவோடு புதிதாகச் சேரும் உள்ளூர் இளைஞன் சாமந்துக்கு நீதிமன்ற நடைமுறையைக் கற்பிப்பதற்காகவும் பகலில் ஓர் ஒத்திகை வைத்துக்கொள்கிறார்கள். குழுவில் இருப்பவளான பாடசாலை ஆசிரியை பேணாரேயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். குற்றம், சிசுக்கொலை. எல்லாம் விளையாட்டுத்தான்.

ஆனால் விளையாட்டு மெல்ல மெல்ல வேட்டையாகிறது. பேணாரே மணமாகாதவள், அவள் கருவுற்றிருக்கிறாள், அதற்குக் காரணமானவர் மனைவி மக்களோடு வாழும் பேராசிரியர் தாம்லே. சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து இந்த அந்தரங்கத்தை அம்பலப்படுத்துகிறார்கள். பேராசிரியர் தாம்லேயும் இக்குழுவின் உறுப்பினர்தான். அவர் அன்று வரவில்லை. அவருடைய ஆசனம் வெறுமையாக இருக்கிறது. நாடகம் முடியும் வரை அவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று எவருக்கும் தோன்றவேயில்லை. பெண்ணுக்கொரு நீதி, ஆணுக்கொரு நீதி என்பதை இதைவிடச் சிக்கனமாக மேடையில் காட்ட முடியாது.

விசாரிப்பவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். வழக்கே கிடைக்காத சட்டத்தரணி, பரீட்சையில் தேறாத விஞ்ஞான ஆர்வலர், நடிகனாகப் பிரகாசிக்காத ஒருவர், பிறர் தயவில் வளர்ந்த இளைஞன். வாழ்க்கையில் தோற்றுப்போனவர்கள் தங்களைவிடத் திறமையும் துணிச்சலும் கொண்ட ஒருத்தியைத் தண்டித்து ஆறுதல் அடைகிறார்கள். பேணாரேயைக் கூண்டுக்கு இழுத்து வருபவர் திருமதி காசிகர் என்ற பெண். தான் வாய் திறக்கும் போதெல்லாம் கணவரால் அடக்கப்படுபவர் அவர். அடக்கப்பட்டவள் அடக்குவோரின் கையாளாக மாறும் இந்தச் சித்திரிப்பு மிகவும் உண்மையானது.

பேணாரே தப்பிச் செல்ல முயல்கிறாள். கதவின் தாழ் வெளியே விழுந்துவிட்டது. நாடகத்தின் தொடக்கத்தில் அதே தாழில்தான் அவளது விரல் நசுங்குகிறது. இறுதியில் தன் தரப்பைச் சொல்ல அவளுக்குச் சில விநாடிகள் தரப்படுகின்றன. மற்றவர்கள் உறைந்து நிற்க, நீண்ட தனிமொழியொன்றில் அவள் தன் வாழ்வு முழுவதையும் கொட்டுகிறாள்: சிறுவயதில் தாய்மாமன் ஏமாற்றியது, அறிவுக்காக நேசித்தவர் உடலை மட்டும் எடுத்துக்கொண்டது, பாடசாலைப் பிள்ளைகள் மீது தான் வைத்த பாசம், வயிற்றிலுள்ள குழந்தைக்காக உயிர்வாழ வேண்டும் என்ற தவிப்பு. ஆனால் மேடையில் இருக்கும் எவருக்கும் அது கேட்பதில்லை. அவர்களைப் பொறுத்தவரை அவள் மௌனமாக நின்றாள், அவ்வளவுதான். தீர்ப்பு வருகிறது: அவள் வாழலாம், வயிற்றிலுள்ள கரு அழிக்கப்பட வேண்டும். பிறகு எல்லோரும் அது விளையாட்டென்று சொல்லிக் கலைகிறார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

அந்தத் தனிமொழியைக் கேட்டவர்கள் யார்? பார்வையாளர்களாகிய நாம் மட்டுமே. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு வருகிறேன்.

ஐந்து ஆண்கள், ஒரு முகம்

ஹிந்தி நாடகாசிரியர் மோகன் ராகேஷ் (1925 - 1972) எழுதிய 'ஆதே அதூரே' 1969இல் டில்லியில் ஓம் சிவ்புரியின் நெறியாள்கையில் மேடையேறியது. முழுமையற்றவர்கள், அரைகுறைகள் என்று தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். நடுத்தர வர்க்கக் குடும்பமொன்றின் சிதைவு இதன் பொருள். சாவித்திரி உத்தியோகம் பார்த்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள். கணவன் மகேந்திரநாத் தொழிலில் நொடித்துப் போனவன். மகனுக்கு வேலையில்லை. மூத்த மகள் காதலனோடு ஓடிப்போய், நிம்மதியிழந்து வந்து நிற்கிறாள்.

புராணத்துச் சாவித்திரி யமனோடு வாதாடிக் கணவனை மீட்டவள். இந்தச் சாவித்திரியோ கணவனிடமிருந்து தன்னை மீட்கப் பார்க்கிறாள். பெயர் வைத்ததிலேயே ஆசிரியரின் நோக்கம் தெரிகிறது. முன்னர் பழகிய ஜக்மோகனோடு அவள் வெளியேறிப் போகிறாள்; அவன் நழுவிவிடத் திரும்பி வருகிறாள். கணவனின் நண்பர் ஜுனேஜா அவளுக்கு எதிராகத் தீர்ப்புரை ஒன்றை நிகழ்த்துகிறார். அவள் எந்த ஆணை மணந்திருந்தாலும் இதே அதிருப்திதான் மிஞ்சியிருக்கும், எல்லாவற்றையும் ஒரே ஆணிடம் எதிர்பார்த்ததே அவள் குற்றம் என்பது அவரது வாதம். வீட்டைவிட்டுப் போயிருந்த கணவனும் இறுதியில் திரும்பி வருகிறான்.

இந்த இடத்தை வைத்து, மோகன் ராகேஷ் பெண்ணுக்கு எதிராக நாடகத்தை முடித்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் நியாயமில்லாமலில்லை. ஆயினும் ராகேஷ் கையாண்ட உத்தியொன்றை இங்கு கவனிக்கலாம். தொடக்கத்தில் வந்து பேசும் கறுப்பு உடைக்காரர், கணவன், சாவித்திரியின் மேலதிகாரி, ஜக்மோகன், ஜுனேஜா ஆகிய ஐந்து பாத்திரங்களையும் ஒரே நடிகரே ஏற்க வேண்டும் என்பது அவரது விதி. உடையும் தோரணையும் மாறும், முகம் மாறாது. அப்படியானால் தீர்ப்புச் சொல்லும் ஜுனேஜாவுக்கும் அதே முகந்தானே? நடுவரும் எதிராளியின் முகத்தோடு வரும் போது அவருடைய தீர்ப்பை எப்படி நடுநிலையானதாகக் கொள்வது? வசனம் சாவித்திரியைக் குற்றவாளி என்கிறது. மேடை உத்தியோ வேறொன்றைச் சொல்கிறது. நாடகத்தைப் படித்தால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

விலை என்ன?

டெண்டுல்கரின் 'கமலா' 1981இல் எழுதப்பட்டது. அவ்வாண்டில் இந்தியாவில் உண்மையாகவே நடந்த சம்பவம் ஒன்று அதன் அடிப்படை. பெண்கள் விற்கப்படுகிறார்கள் என்பதை நிரூபிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் பெண்ணொருத்தியை விலைகொடுத்து வாங்கிச் செய்தி வெளியிட்டார்.

நாடகத்தில் அந்தப் பத்திரிகையாளன் ஜெய்சிங். டில்லியில் வசதியாக வாழ்பவன், பரபரப்பை விரும்புபவன். பீகார்ப் பகுதிச் சந்தையொன்றில் 250 ரூபாவுக்குக் கமலா என்ற பழங்குடிப் பெண்ணை வாங்கி வருகிறான். பத்திரிகையாளர் மாநாட்டில் அவளைக் காட்டிப் புகழ் தேட வேண்டும். அதற்காக அவளைக் குளிக்கவும் விடாமல் கந்தலோடு வைத்திருக்கிறான். அவளை விற்றவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி நமக்குள் எழுகிறது.

ஆனால் நாடகத்தின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. இரவு நேரத்தில் ஜெய்சிங்கின் மனைவி சரிதாவிடம் கமலா வெள்ளை மனத்தோடு ஒன்று கேட்கிறாள்: உன்னை என்ன விலைக்கு வாங்கினார்? சரிதா ஒரு தொகையைச் சொல்லி வைக்கிறாள். பிள்ளை பெறாத உனக்கு அது அதிக விலை என்று கமலா பரிதாபப்படுகிறாள். பிறகு, நாமிருவரும் சகோதரிகள் போல வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வோம், படித்த நீ கணக்கு வழக்கைப் பார், நான் வீட்டு வேலைகளைப் பார்க்கிறேன் என்று ஏற்பாடும் சொல்கிறாள்.

படித்த பெண்ணுக்கு எழுத்தறியாதவள் கண் திறந்து வைக்கிறாள். இந்த வீட்டில் தானும் வாங்கப்பட்டவள்தான் என்பது சரிதாவுக்கு அப்போதே உறைக்கிறது. தொலைபேசிக்குப் பதில் சொல்வது, விருந்தினரைக் கவனிப்பது, கணவனின் தேவைக்கேற்ப இணங்குவது, இவை யாவும் அடிமையின் கடமைகள் என்று காண்கிறாள். கணவனைப் போலவே தானும் பத்திரிகையாளரை அழைத்து இதை உலகுக்குச் சொல்லப் போவதாகவும் கூறுகிறாள். அதற்குள் ஜெய்சிங்கின் முதலாளி மேலிடத்து அழுத்தத்துக்குப் பணிந்து அவனை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார். இடிந்துபோய்க் கிடக்கும் கணவனை விட்டுப் போகச் சரிதாவால் முடியவில்லை. ஆனால் ஒரு நாள் தான் அடிமையாக இல்லாமற் போவேன் என்பதில் உறுதியாக இருக்கிறாள்.

கமலா என்ன ஆனாள்? அவளை ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சரிதாவின் விழிப்புக்குக் காரணமானவள் நாடகத்தின் நடுவிலேயே மறைந்துபோகிறாள். இது நாடகத்தின் குறையா, அல்லது சமூகத்தின் குறையை நாடகம் அப்படியே காட்டுகிறதா? இரண்டாவதே சரி என்பது என் எண்ணம். ஆனால் முதலாவதைச் சொல்வோருடன் நான் வாதாட மாட்டேன்.

பத்தினியா, தெய்வமா?

கிரிஷ் கர்நாட் (1938 - 2019) எழுதிய 'நாகமண்டலா' 1988இல் கன்னடத்தில் வெளிவந்தது. ஏ. கே. ராமானுஜன் மூலம் அறிந்த இரு கர்நாடக வாய்மொழிக் கதைகளை இணைத்து இதனை அமைத்தார். ஆங்கிலத்தில் ஆக்கியவரும் அவரே.

அப்பண்ணா தன் இளம் மனைவி ராணியை வீட்டினுள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் பரத்தையிடம் போகிறான். பகலில் உண்ண மட்டுமே வருவான். கணவனை வசியப்படுத்த முதியவள் ஒருத்தி தந்த வேரை ராணி அரைத்துக் குழம்பில் இடுகிறாள். அது சிவந்து கொதிப்பதைக் கண்டு பயந்து புற்றொன்றில் ஊற்றிவிடுகிறாள். புற்றிலிருந்த நாகம் அதை அருந்தி அவள்மேல் மையல் கொள்கிறது. அப்பண்ணாவின் உருவில் இரவில் வருகிறது. பகற் கணவன் உறுமுகிறான். இரவுக் கணவன் அன்பு சொரிகிறான். கேள்வி கேட்காதே என்பதில் மட்டும் இருவரும் ஒத்திருக்கிறார்கள்.

ராணி கருவுறுகிறாள். தொட்டறியாத கணவன் அவளைப் பஞ்சாயத்தில் நிறுத்துகிறான். அவள் நாகத்தைக் கையில் பற்றிச் சத்தியம் செய்கிறாள்: கணவனையும் இந்த நாகத்தையும் தவிர வேறு எந்த ஆணையும் தான் தொட்டதில்லை. சொல்லுக்குச் சொல் அது உண்மை. நாகம் அவளுக்குக் குடையாகப் படம் விரிக்க, ஊர் அவளைத் தேவி என்று கொண்டாடுகிறது. கணவன் காலில் விழுகிறான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பெண்ணின் வெற்றி. சிறிது நின்று யோசித்தால் வேறொன்று தெரிகிறது. ஊருக்கு இரண்டு சொற்கள்தான் தெரியும். ஒன்று நடத்தை கெட்டவள்; மற்றது தெய்வம். சாதாரணப் பெண்ணாக, ஆசையும் தவிப்பும் கொண்ட மனுஷியாக ராணி இருப்பதற்கு அந்த ஊரில் இடமில்லை. பின்னர் இரவில் வந்தவன் தன் கணவனல்ல என்பது அவளுக்குத் தெளிவாகிறது. அதை எவரிடமும் சொல்லாமல், இறந்த நாகத்துக்குத் தன் மகனைக் கொண்டு கிரியை செய்விக்கிறாள். தன் மனத்துக்கு மட்டும் உண்மையாக நடந்துகொள்கிறாள். பேணாரேயின் மௌனம் மற்றவர்களால் திணிக்கப்பட்டது. ராணியின் மௌனம் அவளே தேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

பெண்கள் எழுதிய போது

இதுவரை பேசிய நால்வகை நாடகங்களும் ஆண்கள் எழுதியவை. பெண்கள் எழுதும் போது என்ன மாறுகிறது?

மஞ்சுளா பத்மநாபனின் 'லைட்ஸ் அவுட்' 1984இல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. 1982இல் பம்பாய் சாந்தா குரூஸ் பகுதியில் நடந்த சம்பவம் அதன் மூலம். மாடி வீடொன்றில் வசிக்கும் லீலாவுக்கும் பாஸ்கருக்கும் இரவுதோறும் அருகிலுள்ள கட்டடத்திலிருந்து பெண்ணொருத்தியின் அலறல் கேட்கிறது. பொலிஸுக்குச் சொல்லும்படி லீலா மன்றாடுகிறாள். கணவனும் நண்பர்களும் அது ஏதேனும் சமயச் சடங்காக இருக்கலாம், நமக்கேன் வம்பு என்று தர்க்கம் பேசுகிறார்கள். பேசிப் பேசி முடிவொன்றுக்கு வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. வேலைக்காரி ஃபிரீடா நாடகம் முழுவதும் ஒரு சொல்லும் பேசாமல் ஏவல் செய்துகொண்டிருக்கிறாள். அவளுடைய அபிப்பிராயத்தை எவரும் கேட்கவில்லை. இங்கே பாதிக்கப்பட்ட பெண் மேடைக்கே வருவதில்லை. விசாரணைக்கு உட்படுபவர்கள், கேட்டும் கேளாதவர்களே.

மகாஸ்வேதா தேவி (1926 - 2016) தமது சிறுகதையொன்றைத் தாமே 'பாயேன்' என்ற நாடகமாக்கினார். சண்டிதாசி தோம் சாதியைச் சேர்ந்தவள். இறந்த குழந்தைகளைப் புதைத்துக் காவல் காப்பது அவளது பரம்பரைத் தொழில். தானும் தாயான பின் அந்த வேலை அவளை வதைக்கிறது. மார்பில் பால் கட்ட, பிறர் பிள்ளைகளின் புதைகுழியருகே நிற்க வேண்டியிருக்கிறது. ஊரில் குழந்தைகள் இறக்கும் போது பழி அவள்மேல் விழுகிறது. அவள் பிள்ளைகளின் உயிரைக் குடிக்கும் பாயேன் என்று தம்பட்டம் அடித்து அறிவிப்பவன் அவளை நேசித்த கணவன் மலிந்தர். அவள் ஊருக்கு வெளியே, ரயில் பாதையருகே தனியே தள்ளப்படுகிறாள். மகன் பகீரதன் தாயின் முகத்தை அறியாமல் வளர்கிறான்.

ஒரு நாளிரவு கொள்ளையர் ரயிலைக் கவிழ்க்கத் தண்டவாளத்தில் தடை வைப்பதைச் சண்டிதாசி காண்கிறாள். ஓடிச்சென்று ரயிலைத் தடுத்து உயிரிழக்கிறாள். அவளைக் கௌரவிக்க அதிகாரிகள் வந்து, இவள் யார் என்று கேட்கிறார்கள். ஊர் தயங்கி நிற்க, சிறுவன் பகீரதன் முன்வந்து அவள் தன் தாய் என்று சொல்கிறான். தாயின் பெயரைச் சொல்கிறான்.

ஒரு காலத்தில் தன்னையே பாயேன் என்று நம்பத் தொடங்கியவள் சண்டிதாசி. அடக்குமுறையின் உச்சம் அதுதான்: பிறர் சூட்டிய பழிப்பெயரைத் தன் பெயராகவே ஏற்றுக்கொள்வது. அதிலிருந்து அவள் விடுபடுவது பேச்சினால் அல்ல, ஒரு செயலினால். ஆயினும் அந்தச் செயலோடு விடுதலை முழுமையாகவில்லை. மகன் ஊரார் முன் வாய் திறந்த போதுதான் அவளுக்கு அவளுடைய பெயர் மீண்டும் கிடைத்தது.

கேட்பவர் யார்?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்தப் பெண்கள் ஏன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவதில்லை?

போனால் எங்கே போவது என்பது முதற் காரணம். பேணாரேயைப் பாடசாலை நிர்வாகமும் வேலையிலிருந்து நீக்கப் போகிறது என்பது விசாரணையிலேயே தெரியவருகிறது. உழைத்துச் சம்பாதிக்கும் சாவித்திரி இன்னோர் ஆணின் துணையை நாடித்தான் வெளியேறுகிறாள். சரிதா படித்தவள், ஆனால் சொந்த வருமானம் இல்லாதவள். ராணிக்குத் திரும்பிப் போகப் பிறந்த வீடு கனவில் மட்டுமே உண்டு. சண்டிதாசி வெளியேறவில்லை, வெளியேற்றப்பட்டாள். தனியொருத்தி வீட்டைவிட்டு வெளியேறினாலும், வெளியே இருப்பதும் அதே நீதிமன்றம், அதே பஞ்சாயத்து என்ற யதார்த்தத்தை இந்நாடகாசிரியர்கள் மறைக்கவில்லை. பொய்யான வெற்றியொன்றைக் காட்டி நம்மை மகிழ்ச்சியாக வீட்டுக்கு அனுப்ப அவர்கள் விரும்பவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. விழிப்பு ஒருத்தியின் உள்ளத்தில் நிகழ்வது. அதற்கு ஒரு கேள்வி போதும், ஓர் இரவு போதும். விடுதலை அப்படியல்ல. அவளைச் சுற்றியிருப்பவர்கள் அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டால்தான் அது தொடங்குகிறது. பேணாரேயின் பேச்சு குழுவினருக்குக் கேட்கவில்லை. ராணியின் சத்தியத்தை ஊர் கேட்டது. அதிலிருந்த உண்மையைக் கேட்கவில்லை. 'லைட்ஸ் அவுட்' நாடகத்தில் அலறலைக் கேட்டவர்கள் அசையவில்லை. சரிதா கமலாவின் கேள்வியைக் கேட்டாள், மாறினாள். பகீரதன் தாயை அறிந்துகொண்டான், பேசினான். வேறுபாடு பெண்ணின் துணிவில் மட்டும் இல்லை. கேட்பவரின் காதிலும் இருக்கிறது.

நாவலை நாம் தனியே இருந்து படிக்கிறோம். நாடகத்தையோ பலர் கூடியிருந்து பார்க்கிறோம். பேணாரேயின் குரல் மேடையிலுள்ளோரைத் தாண்டி மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நம்மிடம் வருகிறது. நம் பக்கத்து ஆசனத்தில் மனைவி இருக்கலாம், சகோதரி இருக்கலாம், மகள் இருக்கலாம். அவர்களும் அதே குரலைக் கேட்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். நாமும் கேட்டோம் என்பதை அவர்கள் அறிவார்கள். அதன் பிறகு கேட்கவில்லை என்று பாசாங்கு செய்வது அத்தனை எளிதல்ல. நாடகம் என்ற கலைவடிவத்துக்கே உரிய வலிமை இது.

மேலே சொன்ன நாடகங்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. டெண்டுல்கரின் இரு நாடகங்களையும் பிரியா அடார்க்கரும், மகாஸ்வேதா தேவியின் நாடகங்களைச் சமிக் பந்தோபாத்யாயவும் ஆங்கிலப்படுத்தியிருக்கிறார்கள். வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும். முடிந்தால் நண்பர்கள் சிலர் கூடி, பாத்திரங்களைப் பகிர்ந்துகொண்டு உரத்து வாசித்துப் பாருங்கள். பேணாரேயின் பகுதியைப் பெண்ணொருவர் வாசிக்கட்டும். அவர் வாசித்து முடித்ததும் உடனே விமர்சிக்கத் தொடங்காமல், அவர் என்ன சொல்ல விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள்.